வீட்டுக் கணினிக்கு ஆன்டிவைரஸ் தேர்ந்தெடுக்கும் முறை: கணினியைப் பார்ப்பதிலிருந்து சோதித்து முடிப்பது வரை

எந்த ஆன்டிவைரஸ் நல்லது என்று கேட்டு வருபவர்களிடம், இப்போது உங்கள் கணினியில் என்ன இருக்கிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். பெரும்பாலோருக்கு விடை தெரிவதில்லை. சிலருடைய கணினியில் காலாவதியான ஒன்றும் இயங்கிக்கொண்டிருக்கும் இன்னொன்றும் சேர்ந்தே இருக்கும். சிலர் கடையில் பெட்டியை வாங்கிவிட்டு, அது தேவையா என்று அதன் பிறகு கேட்பார்கள். வாங்குவது இந்த வேலையின் பிற்பகுதியில் வரவேண்டிய படி. அதற்கு முன்னால் செய்யவேண்டியவற்றைச் செய்துவிட்டால், பலருக்கு வாங்கவேண்டிய தேவையே இராது.

இந்த வழிகாட்டி விண்டோஸ் 11 உள்ள வீட்டுக் கணினிக்காக எழுதப்பட்டது. விண்டோஸ் 10-க்கு வேறுபடும் இடத்தைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறேன். தொடங்குமுன் கணினியின் அட்மின் கடவுச்சொல், தடையில்லாத இணைய இணைப்பு, வெளியில் இணைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்று, குறித்து வைக்க ஒரு தாள் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினி என்றால் சார்ஜரைச் செருகியே வையுங்கள். அப்டேட் நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுபோவது நல்லதல்ல.

1. கணினியின் நிலையைத் தாளில் எழுதுங்கள்

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபௌட் என்று சென்றால் விண்டோஸின் பதிப்பும் ரேமின் அளவும் தெரியும். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில், உள்ளே இருப்பது எஸ்எஸ்டியா பழைய வகை ஹார்ட் டிஸ்க்கா என்பதும் தெரியும். 4 ஜிபி ரேமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ள கணினியில், பத்து வசதிகளை ஒன்றாகக் கட்டிய பெரிய தொகுப்பை நிறுவினால் கணினி நகராது. அப்போது வீட்டில் யாராவது ஒருவர் அதை நிறுத்தி வைத்துவிடுவார். நிறுத்தி வைக்கப்பட்ட ஆன்டிவைரஸ் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

அடுத்து, கணினியை யார் எதற்குப் பயன்படுத்துகிறார் என்று எழுதுங்கள். வங்கி வேலை நடக்கிறதா, பிள்ளைகள் விளையாட்டுகளைப் பதிவிறக்குகிறார்களா, பென்டிரைவ் வெளியே போய் வருகிறதா, இணையம் எப்போதும் இருக்கிறதா என்ற நான்கு கேள்விகளின் விடைதான் ஆறாவது படியில் முடிவைத் தரும். இதை எழுதாமல் போனவர்கள் விளம்பரத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள்.

2. கோப்புகளை வெளியே எடுத்து வையுங்கள்

படங்கள், சான்றிதழ்கள், கணக்குகள் ஆகியவற்றை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, முடிந்தவுடன் கேபிளைக் கழற்றிவிடுங்கள். கழற்றுவது முக்கியம். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர், கணினியோடு இணைந்திருக்கும் எல்லா டிஸ்க்குகளையும் சேர்த்தே பூட்டும். நிரல்களையும் இன்ஸ்டாலர்களையும் நகலெடுக்க வேண்டாம். கணினியில் ஏற்கெனவே தொற்று இருந்தால் அவற்றோடு அதுவும் போய்ச் சேரும். நிரல்களை மறுபடி பதிவிறக்கிக்கொள்ளலாம், கல்யாண ஆல்பத்தை அப்படிப் பெற முடியாது.

3. விண்டோஸை முழுமையாகப் புதுப்பியுங்கள்

ஆன்டிவைரஸுக்கு முன்னால் அப்டேட் வருவதற்குக் காரணம் உண்டு. 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வான்னக்ரை என்ற ரான்சம்வேர், யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே விண்டோஸில் இருந்த ஓட்டை வழியாகக் கணினிகளுக்குள் நுழைந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதை நிறுவியிருந்த கணினிகளில் அந்த வழி அடைபட்டிருந்தது.

விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் செக் ஃபார் அப்டேட்ஸ் என்பதை அழுத்தி, ரீஸ்டார்ட் செய்து, புதிதாக எதுவும் இல்லை என்று வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஒரே தடவையில் நிறுத்திவிடுவது பலர் செய்யும் பிழை. ஓர் அப்டேட் முடிந்த பிறகுதான் அடுத்தது தென்படும் என்பது அடிக்கடி நேர்கிறது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட்களை 2026 அக்டோபர் வரை பெறலாம் என்ற நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. அந்த அப்டேட்களும் வராத கணினியில் எந்த ஆன்டிவைரஸை வாங்கிப் போட்டாலும், இயங்குதளத்தின் ஓட்டைகள் திறந்தேதான் இருக்கும். ஆன்டிவைரஸுக்கென வைத்திருக்கும் பணத்தைக் கணினியை மேம்படுத்தச் செலவிடுவதே அப்போது சரி என்பது என் கருத்து.

4. இருக்கும் ஆன்டிவைரஸைக் கண்டுபிடித்து நீக்குங்கள்

ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடித் திறந்து, அதன் செட்டிங்ஸில் மேனேஜ் புரொவைடர்ஸ் என்பதைப் பாருங்கள். கணினியை இப்போது காப்பது எது என்று அங்கே இருக்கும். புதிய மடிக்கணினிகளில் ஒரு மாதத்துக்கோ சற்றுக் கூடுதலாகவோ இயங்கும் சோதனைப் பதிப்பைத் தயாரிப்பாளரே போட்டுக் கொடுப்பது வழக்கம். அது முடிந்த பிறகும் அதன் சின்னம் திரையின் ஓரத்தில் நிற்பதால், பாதுகாப்பு இருக்கிறது என்றே வீட்டார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

செட்டிங்ஸில் ஆப்ஸ், இன்ஸ்டால்ட் ஆப்ஸ் என்று சென்று அதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். டெஸ்க்டாப்பில் உள்ள சின்னத்தை அழிப்பதால் மென்பொருள் நீங்காது. ஆன்டிவைரஸ்கள் இயங்குதளத்தின் ஆழத்தில் வேரூன்றுபவை என்பதால், வழக்கமான முறையில் நீக்கிய பின்பும் மிச்சங்கள் தங்கலாம். அதற்காகவே பல நிறுவனங்கள் தனி நீக்கும் கருவியைத் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. ரீஸ்டார்ட் செய்த பிறகு, விண்டோஸிலேயே உள்ள ஆன்டிவைரஸான டிஃபெண்டர் தானாகவே பொறுப்பேற்றிருக்கும். மேனேஜ் புரொவைடர்ஸ் பக்கத்துக்கு மறுபடி சென்று அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் இரட்டிப்புப் பாதுகாப்பு என்பது நான் அதிகம் கேட்கும் தவறான எண்ணம். ஒரு கோப்பு திறக்கும்போது இரண்டும் ஒரே நேரத்தில் அதைப் பிடித்துச் சோதிக்க முயலும். ஒன்று தடுத்துவைத்ததை மற்றொன்று வைரஸ் என்று காட்டும். கணினி உறைந்து நிற்கும். இவ்வளவு ஆழத்தில் இயங்கும் மென்பொருளில் ஒரு பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று பார்த்தோம். நிறுவனங்களுக்கான கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரே ஒரு தவறான அப்டேட்டால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. அப்படிப்பட்ட இரண்டை ஒரே கணினியில் வைக்க வேண்டாம்.

5. டிஃபெண்டரின் வசதிகளை முழுமையாக இயக்குங்கள்

விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டருக்குத் தனிக் கட்டணம் இல்லை. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன் பகுதிக்குள் மேனேஜ் செட்டிங்ஸைத் திறந்தால் ரியல்-டைம் புரொடெக்ஷன், கிளவுட் டெலிவர்ட் புரொடெக்ஷன், டேம்பர் புரொடெக்ஷன் ஆகியவை தெரியும். மூன்றும் ஆன் நிலையில் இருக்க வேண்டும். முதலாவது, கோப்பு திறக்கும் நொடியில் சோதிப்பது. இரண்டாவது, புதிதாகத் தென்படும் கோப்பைப் பற்றி மைக்ரோசாஃப்டின் சர்வர்களிடம் கேட்பது. மூன்றாவது, வைரஸே டிஃபெண்டரை அணைத்துவிடாமல் காப்பது.

ஆப் அண்ட் பிரௌசர் கன்ட்ரோல் பகுதியில், தேவையற்ற செயலிகளைத் தடுக்கும் வசதி ஒன்று ரெபுடேஷன் பேஸ்டு புரொடெக்ஷன் என்பதன் கீழ் உள்ளது. இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் விளம்பரக் கருவிகளைத் தடுப்பது இதுதான். பெரும்பாலான வீட்டுக் கணினிகளை மந்தமாக்குவன வைரஸ்களைவிட இவையே என்பதால் இதை விட்டுவிடாதீர்கள்.

ரான்சம்வேர் புரொடெக்ஷன் என்பதற்குள் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் இருக்கிறது; பொதுவாக அது அணைந்த நிலையில்தான் வரும். அதை இயக்கினால், நம்பகமானவை என்று அறியப்படாத நிரல்கள் உங்கள் ஆவணங்களையும் படங்களையும் மாற்ற முடியாது. சில நல்ல நிரல்களையும் அது தடுக்கும். அப்போது அந்த நிரலை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேருங்கள். எரிச்சலில் வசதியையே அணைத்துவிடுபவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

இவை முடிந்ததும் ஒரு ஃபுல் ஸ்கேன் ஓடவிடுங்கள். மணிக்கணக்கில் ஆகலாம், இரவில் விட்டுவிடலாம். சந்தேகம் தீராவிட்டால் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே சோதனை நடப்பதால், இயங்கும்போது ஒளிந்துகொள்ளும் வைரஸ்களுக்கு அங்கே மறைவிடம் இல்லை. இந்தியாவில் இருப்பவர்களுக்கு, இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் கீழ் இயங்கும் சைபர் ஸ்வச்சதா கேந்திராவின் தளத்திலும் தொற்று நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

6. இது போதுமா என்று முடிவெடுங்கள்

முதல் படியில் எழுதிய தாளை இப்போது எடுங்கள். கணினி எப்போதும் இணையத்தில் இருக்கிறது, அப்டேட் தவறாமல் நடக்கிறது, மென்பொருளை அதிகாரபூர்வத் தளங்களிலிருந்து மட்டுமே எடுக்கிறீர்கள் என்றால், டிஃபெண்டரே போதும்; பணம் செலவிட வேண்டியதில்லை. எட்ஜ் உலாவியில் ஸ்மார்ட்ஸ்கிரீனும், குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் கூகுளின் சேஃப் பிரௌசிங்கும் போலித் தளங்களைப் பற்றி எச்சரிக்கின்றன.

கட்டண மென்பொருள் பொருந்தும் இடங்களும் உண்டு. முதலாவது, இணையம் எப்போதாவது மட்டும் கிடைக்கும் கணினி. டிஃபெண்டர் தன் பலத்தில் பெரும் பகுதியைச் சர்வரிடம் கேட்டறிவதிலிருந்தே பெறுகிறது; இணைப்பு இல்லாதபோது அதன் கண்டறியும் திறன் குறைவதை, ஆன்டிவைரஸ்களைச் சோதிக்கும் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் கூடத்தின் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பென்டிரைவ் வழியாகவே கோப்புகள் வந்துபோகும் கணினிக்கு இது பெரிய குறை.

எங்கள் தெருவில் ஓர் அக்கா, மகளின் கல்லூரி விண்ணப்பத்தை அச்செடுக்க ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோன பென்டிரைவை எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே ஆறு ஃபோல்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றின் சின்னத்திலும் மூலையில் சிறிய வளைந்த அம்புக்குறி. அளவு ஒவ்வொன்றும் ஒரே ஒரு கேபி. "எல்லாம் திறக்கத்தானே செய்கிறது தம்பி" என்றார். அதுதான் அதன் தந்திரம். உண்மையான ஃபோல்டர்களை அது மறைத்துவிட்டுப் போலி ஷார்ட்கட்களை வைத்திருந்தது. கிளிக் செய்ததும் முதலில் வைரஸை இயக்கிவிட்டு, பிறகு உண்மையான ஃபோல்டரைத் திறந்து காட்டியது. அதனால் இரண்டு வாரங்களாக வீட்டில் யாருக்கும் சந்தேகமே எழவில்லை. அந்த வீட்டுக்கு, பென்டிரைவைச் செருகியவுடன் தானாகச் சோதிக்கும் கட்டண மென்பொருளை நானே பரிந்துரைத்தேன். கடைக்கு வேறெந்தக் கோப்பும் இல்லாத தனிப் பென்டிரைவையே கொண்டுபோகும்படியும் சொன்னேன். இரண்டில் பின்னதே அதிகம் பயன்பட்டது.

இரண்டாவது, பிள்ளைகளின் பயன்பாட்டையும் பல கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்க விரும்பும் வீடு. மூன்றாவது, சிக்கல் வந்தால் தொலைபேசியில் கேட்க ஆள் வேண்டும் என்பவர்கள். தனியாக வசிக்கும் பெரியவர்களுக்கு இது நியாயமான காரணம்.

பணம் கொடுக்காமல் இயக்குவதற்காகக் கிராக் செய்த மென்பொருளையும் ஆக்டிவேட்டர்களையும் பயன்படுத்திக்கொண்டே, அதைச் சரிக்கட்ட நல்ல ஆன்டிவைரஸ் வாங்குவது ஏற்கத்தக்க காரணம் ஆகாது. அவற்றின் குறிப்பிலேயே முதல் வரியாக ஆன்டிவைரஸை அணைக்கவும் என்று இருக்கும். வீட்டுக் கணினிகளை அதிகம் தாக்கிய ஸ்டாப் என்ற ரான்சம்வேர் குடும்பம் பரவியது பெரிதும் இப்படிப்பட்ட கிராக்குகள் வழியாகத்தான். நீங்களே கதவைத் திறந்துவிடும்போது எந்தக் காவலும் பயன்படாது.

7. சோதனைக்கூடங்களின் அறிக்கையைப் படியுங்கள்

சிறந்த பத்து ஆன்டிவைரஸ் என்ற வகைப் பட்டியல்களில் பல, இணைப்பு வழியாக நடக்கும் விற்பனையில் கமிஷன் பெறுபவை. அவற்றை விட்டுவிட்டு ஜெர்மனியின் மாக்டபர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்பர்க் நகரிலுள்ள ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய இரண்டின் அறிக்கைகளைப் பாருங்கள். இரண்டும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன.

ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு வசதி ஆகிய மூன்றுக்கும் தலா 6 என்று 18 மதிப்பெண் வழங்குகிறது. பல மென்பொருள்கள் 18-ஐயோ அதற்கு மிக அருகிலோ பெறுவதால் அதை மட்டும் வைத்துத் தரம் பிரிக்க முடியாது. ஏவி-கம்பேரட்டிவ்ஸின் மூன்று அறிக்கைகளைச் சேர்த்துப் படியுங்கள்: உண்மையான தாக்குதல்களைத் தடுக்கும் திறன், கணினியின் வேகத்தில் ஏற்படும் பாதிப்பு, தவறான எச்சரிக்கைகளின் எண்ணிக்கை. 99.5 விழுக்காட்டுக்கும் 99.8 விழுக்காட்டுக்கும் இடையிலான வேறுபாட்டை வீட்டில் உணர முடியாது. தவறான எச்சரிக்கை இரண்டா நாற்பதா என்பதை நிச்சயம் உணர்வீர்கள்.

ஒரே ஓர் அறிக்கையைப் பார்த்து முடிவு செய்யாமல், கடந்த ஓராண்டின் அறிக்கைகளை அடுத்தடுத்துப் பாருங்கள். ஒருமுறை முதலிடம் பெற்றதைவிட, தொடர்ந்து நிலையாக நிற்பதே நம்பத்தக்கது. எல்லா மென்பொருள்களும் எல்லாச் சோதனைகளிலும் இடம்பெறுவதில்லை. நீங்கள் வாங்க நினைப்பது எதிலுமே இல்லையென்றால் அதைத் தவிர்ப்பதே நல்லது.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. விசைப்பலகையில் அழுத்துவதை இடைமறித்துத் தமிழ் எழுத்தாக மாற்றும் மென்பொருள்கள், கடவுச்சொல் திருடும் நிரல்களைப் போன்ற வழியிலேயே வேலை செய்வதால் அவற்றின்மேல் ஆன்டிவைரஸுக்குச் சந்தேகம் எழலாம். சோதனைப் பதிப்பை நிறுவியவுடன் உங்கள் தட்டச்சு மென்பொருள் இயங்குகிறதா என்று பாருங்கள். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருப்பதால், அதற்கு மாறிக்கொண்டாலும் இந்தத் தொல்லை நீங்கும்.

8. நிறுவனத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

உங்கள் கணினியின் எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்க்கும் உரிமையை இந்த மென்பொருளுக்குக் கொடுக்கிறீர்கள். அதனால் அதை நடத்துபவர் யார் என்பது முக்கியம். அவாஸ்ட் நிறுவனம் பயனர்கள் எந்தத் தளங்களைப் பார்த்தார்கள் என்ற விவரங்களைத் தன் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் மூலம் விற்றதற்காக, அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024-இல் அதன்மேல் 1.65 கோடி டாலர் செலுத்தும்படி நடவடிக்கை எடுத்தது. இலவசப் பதிப்பை நிறுவும்போது விவரங்களைப் பகிர்வது பற்றிய பெட்டிகளைப் படித்து டிக்கை எடுத்துவிடுங்கள்.

பெயர்கள் பலவாயினும் உரிமையாளர் ஒருவராக இருக்கலாம்: நார்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா ஆகிய நான்கும் ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் உள்ளன. ரஷ்யாவின் காஸ்பர்ஸ்கையைத் தங்கள் நாட்டில் விற்க அமெரிக்க அரசு 2024-இல் தடை விதித்தது. இந்தியத் தயாரிப்பு வேண்டும் என்பவர்களுக்குச் சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் ஆகியவை உள்ளன. அவற்றையும் ஏழாவது படியின் அளவுகோலாலேயே அளக்க வேண்டும்.

9. வாங்கும்போது பார்க்கவேண்டியவை

முதலில் சோதனைப் பதிப்பை இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். கணினி தொடங்கும் நேரம் முன்பைவிடக் கூடுகிறதா என்று கவனியுங்கள்.

விலைப் பட்டியலில் அடிப்படைப் பதிப்பு, இன்டர்நெட் செக்யூரிட்டி, டோட்டல் செக்யூரிட்டி என்று ஏறிக்கொண்டே போகும். பல நிறுவனங்களில் வைரஸைக் கண்டறியும் பகுதி எல்லாவற்றிலும் ஒன்றுதான். கூடுவது விபிஎன், டியூன்-அப், கடவுச்சொல் பெட்டகம் போன்றவை. உங்கள் தாளில் எழுதாத எதற்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

பெட்டியாக வாங்கினால் எத்தனை கணினிகளுக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதைப் படித்து, லைசென்ஸ் கீயை மறைக்கும் பகுதி சுரண்டப்படாமல் இருக்கிறதா என்று பார்த்து, பில்லைக் கேட்டு வாங்குங்கள். நம்ப முடியாத விலையில் கீயை மட்டும் அனுப்புபவர்களிடம் வாங்க வேண்டாம். உள்ளே இருக்கும் சிடியைவிட, நிறுவனத்தின் தளத்தில் கிடைக்கும் இன்ஸ்டாலரே புதியது.

இணையத்தில் வாங்கினால் முதல் ஆண்டின் சலுகை விலையோடு புதுப்பிப்பு விலையையும் பாருங்கள்; இரண்டாவது பெரும்பாலும் கூடுதல். தானாகப் புதுப்பிக்கும் வசதியை வாங்கிய அன்றே அணைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது அறிவிப்பு வரவேண்டும். ஆனாலும் அந்தக் குறுஞ்செய்தியை நம்பியிராமல், முடியும் தேதியை நாள்காட்டியில் எழுதி வைப்பது பாதுகாப்பு.

10. நிறுவி, வேலை செய்கிறதா என்று சோதியுங்கள்

நிறுவி, ரீஸ்டார்ட் செய்து, வைரஸ் விவரங்களை அப்டேட் செய்த பிறகு மேனேஜ் புரொவைடர்ஸ் பக்கத்தை மூன்றாம் முறையாகப் பாருங்கள். புதிய மென்பொருள் ஆன் என்றும் டிஃபெண்டர் ஆஃப் என்றும் இருந்தால் சரி.

பிறகு, ஆன்டிவைரஸ் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கென்றே ஐகார் என்ற அமைப்பு தன் தளத்தில் வைத்திருக்கும் சோதனைக் கோப்பைப் பதிவிறக்குங்கள். அது 68 எழுத்துகள் மட்டுமே கொண்டது, எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் எல்லா ஆன்டிவைரஸ்களும் அதை வைரஸாகவே நடத்தும்படி ஒப்புக்கொண்டுள்ளன. பதிவிறக்கும்போதோ திறக்கும்போதோ தடுக்கப்பட்டால் காவல் விழித்திருக்கிறது. ஒன்றும் நடக்காவிட்டால் ரியல்-டைம் புரொடெக்ஷன் அணைந்திருக்கிறது என்று பொருள். சின்னம் பச்சையாக இருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைவதைவிட இந்த இரண்டு நிமிடச் சோதனை மேலானது.

11. எச்சரிக்கை வந்தால் செய்யவேண்டியவை

திரையின் ஓரத்தில் "உங்கள் ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது, 5 வைரஸ்கள் உள்ளன" என்று வருபவை அநேகமாக உங்கள் ஆன்டிவைரஸிடமிருந்து வருபவை அல்ல. ஏதோ ஒரு தளத்தில் நோட்டிஃபிகேஷனுக்கு அலவ் கொடுத்ததன் விளைவு அது. குரோமின் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று சென்று தெரியாத தளங்களை நீக்கினால் நின்றுவிடும். உதவிக்கு இந்த எண்ணை அழையுங்கள் என்று திரை முழுதும் வந்தால் அழைக்காதீர்கள். உலாவியை டாஸ்க் மேனேஜரில் மூடுங்கள். அழைத்துப் பணமும் கொடுத்துவிட்டவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும்; பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்கும் வாய்ப்பு நேரம் செல்லச் செல்லக் குறையும்.

உண்மையான ஆன்டிவைரஸ் ஒரு கோப்பைத் தடுத்து வைத்தால், ரீஸ்டோர் செய்ய அவசரப்பட வேண்டாம். கோப்பு அங்கே பூட்டிய நிலையில் பத்திரமாக இருக்கும். அது நிரல் என்றால், அதே நிரலை அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மறுபடி பதிவிறக்கி வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றுங்கள். அங்கே அதைப் பல ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லும். ஆதார் நகல், வங்கி அறிக்கை போன்ற சொந்த ஆவணங்களை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள், ஏனெனில் ஏற்றப்பட்ட கோப்புகள் மற்ற பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் கிடைக்கும். அப்படிப்பட்ட ஆவணம் தடுக்கப்பட்டிருந்தால், அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைத்து, உண்மையாகவே அவர் அனுப்பியதுதானா என்று கேட்டு, அதன் பிறகே திறங்கள்.